கரிமச் சூரிய மின்கலத்தில் நானோகலவை அடுக்குகள்: கடத்துத்திறனா, தொடுபரப்பா?

கரிமச் சூரிய மின்கலங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் நடுவில் உள்ள ஒளியுறிஞ்சும் அடுக்கைப் பற்றியே எழுதுகிறார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு. 2015-இல் ஐடிஐசி என்ற ஏற்பி (எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும்) மூலக்கூறும் 2019-இல் ஒய்6 என்ற மூலக்கூறும் வந்த பிறகுதான் இத்துறை வேகம் பிடித்து, இன்று ஆய்வகச் சிறு கலங்களில் 20 விழுக்காட்டு ஆற்றல் மாற்றுத்திறனை எட்டியிருக்கிறது. ஆனால் ஒளியால் பிறந்த மின்னூட்டம் மின்முனையைச் சென்று சேரும்வரை அது மின்சாரமாகக் கணக்கில் வராது. ஒளியுறிஞ்சும் அடுக்குக்கும் மின்முனைக்கும் இடையே சில நானோமீட்டரிலிருந்து சில பத்து நானோமீட்டர் வரை தடிமனுள்ள ஓர் அடுக்கு இருக்கிறது. அது எலக்ட்ரானை ஒரு பக்கமும் துளையை (எலக்ட்ரான் விட்டுச்சென்ற நேர்மின் வெற்றிடத்தை) மறு பக்கமும் பிரித்து அனுப்புகிறது. என் ஈடுபாடு நெடுநாளாக அந்த அடுக்குகளின்மீதுதான். அவற்றிலும் குறிப்பாக, ஒரு பொருளின் நானோதுகள்களை இன்னொரு பொருளுக்குள் பரப்பிச் செய்யப்படும் நானோகலவை அடுக்குகளின்மீது.

இத்தகைய அடுக்குகளைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. கலவை செய்ததால் மின்கடத்துத்திறன் உயர்ந்தது, அதனால் கலத்தின் திறன் உயர்ந்தது என்ற விளக்கம் இக்கட்டுரைகளில் மிக எளிதாகக் கொடுக்கப்படுகிறது. பல இடங்களில் கணக்கே அதை ஆதரிப்பதில்லை. கலவையின் உண்மையான பயன் தொடுபரப்பில், அதாவது அடுக்கும் ஒளியுறிஞ்சும் பொருளும் சந்திக்கும் அந்த ஒன்றிரண்டு நானோமீட்டரில்தான் பெரும்பாலும் இருக்கிறது. இதை விளக்க, இவ்வடுக்குகள் ஏன் தேவைப்பட்டன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

சிலிக்கானின் ஒப்புமை விடுதிறன், அதாவது மின்னூட்டங்களுக்கு இடையிலான ஈர்ப்பைப் பொருள் தணிக்கும் அளவு, ஏறத்தாழ 11.7. கரிமக் குறைக்கடத்திகளில் அது 3 அல்லது 4 அளவிலேயே இருக்கிறது. ஆகவே கரிமப் பொருளில் ஒளி பட்டவுடன் தோன்றும் எலக்ட்ரானும் துளையும் ஒன்றின் ஈர்ப்பை மற்றொன்று உதறிவிட முடியாமல், எக்ஸைட்டான் என்ற இணையாகவே அலைகின்றன. பல பாலிமர்களில் அந்த இணை ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவு நகர்வதற்குள் அழிந்துவிடும். 1986-இல் கோடாக் ஆய்வகத்தைச் சேர்ந்த சிங் டாங், காப்பர் தாலோசயனினையும் பெரிலீன் வழிப்பொருள் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்து, அவை சந்திக்கும் தளத்தில் எக்ஸைட்டானைப் பிரித்து, ஏறத்தாழ 1 விழுக்காட்டுத் திறன் பெற்றார். 1992-இல் சரிசிஃப்ட்சி, ஹீகர், உட்ல் ஆகியோர் கடத்தும் பாலிமரிலிருந்து ஃபுல்லரீன் என்ற கார்பன் கூண்டு மூலக்கூறுக்கு எலக்ட்ரான் மிக விரைவாகத் தாவுவதைக் காட்டினர். 1995-இல் எலக்ட்ரானைத் தரும் வழங்கியையும் அதை வாங்கும் ஏற்பியையும் ஒரே கரைசலில் கலந்து, நானோ அளவில் பின்னிப் பிணைந்த ஒரே படலமாக வார்க்கும் முறை வந்தது. எந்த இடத்தில் எக்ஸைட்டான் பிறந்தாலும் பக்கத்திலேயே அதைப் பிரிக்கும் எல்லை ஒன்று இருக்கும்படி செய்த அந்த முறையே இன்றுவரை தொடர்கிறது.

அந்த வெற்றிக்கு ஒரு விலை இருந்தது. டாங்கின் ஈரடுக்குக் கலத்தில் வழங்கி ஒரு மின்முனையை மட்டுமே தொட்டது, ஏற்பி மற்றொன்றை மட்டுமே தொட்டது. ஆகவே எது எந்தப் பக்கம் செல்ல வேண்டும் என்பதை அடுக்கு வரிசையே தீர்மானித்தது. கலந்த படலத்தில் இரு பொருள்களும் இரு மின்முனைகளையும் தொடுகின்றன. துளை தவறான மின்முனையை அடைந்து அங்கே எலக்ட்ரானோடு மறுஇணைவு கொள்வதைத் தடுக்க அந்தப் படலத்துக்குள் எதுவும் இல்லை. திசை காட்டும் பொறுப்பு முழுவதும் வெளியே வைக்கப்படும் அடுக்குகளுக்கு மாறியது. இவை துணைப் பொருள்கள் என்ற எண்ணம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. கலப்புப் படலம் வந்த நாள் முதல் இவை கலத்தின் இயக்கத்தில் பாதிப் பங்கை ஏற்றிருக்கின்றன என்பதே என் கருத்து.

ஓர் அடுக்கு இங்கே என்னென்ன செய்ய வேண்டும்? மின்முனையின் வெளியேற்று ஆற்றலை (எலக்ட்ரானை அதிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலை) ஒளியுறிஞ்சும் பொருளின் ஆற்றல் மட்டத்தோடு பொருத்த வேண்டும். ஒரு வகை மின்னூட்டத்தை விட்டு, மற்றதை நிறுத்த வேண்டும். தன் பரப்பில் மறுஇணைவுக்கு இடம்தரும் குறைபாடுகள் இல்லாதிருக்க வேண்டும். ஒளியை வீணாக உறிஞ்சக் கூடாது. தன் மேல் வார்க்கப்படும் படலம் ஒழுங்காகப் படியவும் வேண்டும். துத்தநாக ஆக்ஸைடை எடுத்துக்கொண்டால், அதன் ஆற்றல் இடைவெளி ஏறத்தாழ 3.3 எலக்ட்ரான் வோல்ட்; கடத்துப் பட்டை (எலக்ட்ரான்கள் நகரும் ஆற்றல் மட்டங்கள்) ஏற்பியின் மட்டத்துக்கு அருகில் இருப்பதால் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது, இணைதிறன் பட்டை (துளைகள் நகரும் மட்டங்கள்) மிக ஆழத்தில் இருப்பதால் துளையை நிறுத்திவிடுகிறது. மாலிப்டினம் ட்ரை ஆக்ஸைடின் கதை இதைவிடச் சுவையானது. அது துளை கடத்து அடுக்காகப் பயன்பட்டாலும் அது எலக்ட்ரான் மிகுந்த, ‘n’ வகைக் குறைக்கடத்தி. புதிதாகப் படியவைத்த படலத்தின் வெளியேற்று ஆற்றல் 6.7 எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆழமானது. அதன் கடத்துப் பட்டையில் உள்ள எலக்ட்ரான் வழங்கிப் பொருளின் துளையை நிரப்புவதால்தான் துளை வெளியேறியதாகக் கணக்காகிறது. ஆரம்பத்தில் பலரும் அதை வழக்கமான துளை கடத்தியாகவே வரைந்தார்கள். ஒளிமின் நிறமாலை அளவீடுகள் வந்த பிறகே படம் மாறியது.

தனிப் பொருள்கள் இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது கலவை எதற்கு என்று கேட்கலாம். ஒவ்வொன்றிலும் ஒரு குறை இருப்பதே காரணம். துளைப் பக்கத்தில் நெடுங்காலமாக ஆட்சி செய்துவருவது பெடாட்:பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் கலவை. நீரில் பரப்பி வார்க்கலாம், வெளியேற்று ஆற்றல் 5.0 முதல் 5.2 எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும், ஒளிபுகும் மின்முனையான இண்டியம் டின் ஆக்ஸைடின் கரடுமுரடை மூடிச் சமப்படுத்தும். ஆனால் அதன் பிஎச் அளவு 1-க்கும் 2-க்கும் இடையில் இருக்கிறது. அந்த அமிலம் அடியிலுள்ள ஆக்ஸைடை அரிக்கிறது, இண்டியம் மேலே நகர்ந்து ஒளியுறிஞ்சும் அடுக்குவரை செல்கிறது. அதோடு அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மாலிப்டினம் ஆக்ஸைடுக்கு வழக்கமாக வெற்றிட ஆவிப்படிவு தேவைப்படுகிறது. அச்சிட்டுச் செய்யும் மின்கலம் என்ற கனவுக்கு அது பொருந்துவதில்லை. பாலிஎத்திலீன்இமைன் போன்ற அமைன் பாலிமர்கள் எந்த மின்முனையின் வெளியேற்று ஆற்றலையும் தாழ்த்தக்கூடியவை என்று 2012-இல் காட்டப்பட்டது. ஆனால் அவை மின்கடத்தாப் பொருள்கள், ஆகவே சுமார் 10 நானோமீட்டரைத் தாண்டினால் மின்னூட்டத்தின் பாதையை அடைத்துவிடும். துத்தநாக ஆக்ஸைடின் குறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கலவைகளில் பெரும்பகுதி அதைச் சரிசெய்யவே பிறந்தவை.

துத்தநாக ஆக்ஸைடு நானோதுகள் ஒன்றின் விட்டம் 5 நானோமீட்டர் என்று கொள்வோம். அதன் வெளிப்புறத்தில் அரை நானோமீட்டர் தடிமனுள்ள உறையை மட்டும் கணக்கிட்டால், துகளின் மொத்தக் கன அளவில் 49 விழுக்காடு அந்த உறையிலேயே இருக்கிறது. அதாவது அத்துகளில் ஏறத்தாழ பாதி, பரப்பு என்றே சொல்லத்தக்க நிலையில் இருக்கிறது. அங்குள்ள துத்தநாக அணுக்களுக்கு வேண்டிய அண்டை அணுக்கள் முழுமையாக இல்லை. ஆக்சிஜன் வெற்றிடங்களும் ஹைட்ராக்சில் தொகுதிகளும் உண்டு. காற்றிலிருந்து வரும் ஆக்சிஜன் மூலக்கூறு அங்கே ஒட்டிக்கொண்டு ஓர் எலக்ட்ரானைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. புற ஊதா ஒளி பட்டு அந்த ஆக்சிஜன் விடுபட்ட பிறகே கலம் முழுத் திறனுக்கு வரும் என்ற ‘ஒளி ஊறல்’ நிகழ்வு இத்துறையில் அனைவரும் அறிந்தது. புற ஊதாவை வடிகட்டிவிட்டால், வெயிலில் வைத்த கலத்தின் மின்னோட்ட மின்னழுத்த வரைகோடு எஸ் வடிவில் வளைந்தே இருக்கும்.

இப்போது அத்துகள்களைச் சுற்றி ஒரு கரிமப் பொருளை வைத்தால் என்ன ஆகும் என்பதே நானோகலவையின் முதல் கேள்வி. அமைன் தொகுதியின் தனி இணை எலக்ட்ரான்கள் துத்தநாக அணுவுடன் பிணைந்து பரப்புக் குறைபாட்டை மூடுகின்றன. ஆக்சிஜனுக்கு ஒட்டும் இடம் குறைகிறது. ஒளி ஊறல் தேவையும் குறைகிறது. அதே நேரத்தில் பாலிமர் தனியாக இருந்தபோது அதைக் கட்டுப்படுத்திய 10 நானோமீட்டர் வரம்பும் தளர்கிறது, ஏனெனில் எலக்ட்ரான் இப்போது துகள் விட்டுத் துகள் தாவிச் செல்ல முடிகிறது. இரு பொருள்களும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும் இந்த ஏற்பாடே என்னை இத்துறைக்குள் இழுத்தது.

ஆனால் கலந்துவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. இதற்கு மிகச் சிறந்த சான்றாக நான் கருதுவது 2012-இல் புளோரிடா பல்கலைக்கழகக் குழு வெளியிட்ட ஆய்வு. அவர்கள் துத்தநாக ஆக்ஸைடைப் பாலிவினைல்பைரோலிடோன் என்ற பாலிமருக்குள் வளர்த்தார்கள். பாலிமர் துகள்களைத் திரளவிடாமல் தடுத்து, அவற்றின் அளவையும் கட்டுப்படுத்தியது. படலம் மிகச் சீராக அமைந்தது. எனினும் படலத்தின் மேற்பரப்பில் பாலிமர் மிகுந்துவிட்டது. ஒளியுறிஞ்சும் அடுக்கு துத்தநாக ஆக்ஸைடைத் தொடுவதற்குப் பதிலாக மின்கடத்தாத ஒரு தோலைத் தொட்டது. புற ஊதா ஓசோனால் அந்த மேல்தோலை அகற்றி ஆக்ஸைடை வெளிப்படுத்திய பிறகே கலம் உரிய திறனைக் காட்டியது. படலத்தின் உட்புறத்தில் கலவையின் அமைப்பு பெரிதாக மாறவில்லை. மேற்பரப்பின் ஒரு சில நானோமீட்டரே எல்லாவற்றையும் தீர்மானித்தது. கலவை அடுக்கு ஒன்றின் சராசரி அமைப்பை மட்டும் சொல்லி, பரப்பில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாத கட்டுரையை நான் முழுமையானதாகக் கருதாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி கடத்துத்திறன் கணக்குக்கு வருவோம். அடுக்கைக் குறுக்காகக் கடக்கும் மின்னூட்டத்துக்கு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் உள்ள தடை என்பது தடிமனைக் கடத்துத்திறனால் வகுத்தால் கிடைப்பது. சூரியக் கலங்களுக்கென விற்கப்படும் பெடாட்:பிஎஸ்எஸ் வகையின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு சீமென்ஸ் அளவில் இருக்கிறது. அது மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் 40 நானோமீட்டர் தடிமனுக்கு அது தரும் தடை 0.004 ஓம். நல்ல கலம் ஒன்று முழு வெயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 25 மில்லிஆம்பியர் தருகிறது என்று கொண்டால், அந்த அடுக்கில் இழக்கப்படும் மின்னழுத்தம் 0.1 மில்லிவோல்ட் மட்டுமே. கார்பன் நானோகுழாய்களையோ வெள்ளித் துகள்களையோ சேர்த்து அந்தக் கடத்துத்திறனை நூறு மடங்கு உயர்த்தினாலும் மீட்கப்படுவது அந்த 0.1 மில்லிவோல்ட்தான். அப்படியிருக்க, திறன் அரை விழுக்காடு உயர்ந்ததற்குக் கடத்துத்திறன்தான் காரணம் என்று ஒரு கட்டுரை சொல்லும்போது, உண்மையான காரணம் வேறெங்கோ இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். வெளியேற்று ஆற்றல் மாறியிருக்கலாம், பரப்பு ஆற்றல் மாறியதால் மேலே வார்த்த படலத்தின் உருவமைப்பு மாறியிருக்கலாம், அமிலத்தன்மை குறைந்திருக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. அது கவலை தருவது. டைமெத்தில் சல்ஃபாக்ஸைடு போன்ற கரைப்பான் சேர்த்த உயர் கடத்து வகைப் பெடாட்:பிஎஸ்எஸ், சென்டிமீட்டருக்குப் பல நூறு சீமென்ஸ் வரை செல்லும். அத்தகைய அடுக்கு பக்கவாட்டிலும் நன்றாகக் கடத்துவதால், மேல் மின்முனையின் விளிம்புக்கு வெளியே விழும் ஒளியால் பிறந்த மின்னூட்டத்தையும் அது சேகரித்துக் கொண்டுவந்துவிடும். கணக்கிடுபவர் மின்முனையின் பரப்பால் மட்டும் வகுப்பதால் மின்னோட்ட அடர்த்தி உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். அளவிடும்போது துல்லியமான துளையுள்ள முகமூடித் தகட்டை வைத்தால் இந்தப் போலிக் கூடுதல் மறைந்துவிடும். கடத்தும் துகள்களைச் சேர்த்ததால் மின்னோட்டம் கூடியது என்று படிக்கும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது, முகமூடி வைத்து அளந்தார்களா என்பதையும், வெளிக் குவாண்டம் திறன் (விழும் ஒளித்துகள்களில் எவ்வளவு மின்னூட்டமாகிறது என்ற அளவு) நிறமாலையைத் தொகையிட்டுக் கிடைத்த மின்னோட்டம் அதோடு ஒத்துப்போகிறதா என்பதையும்தான்.

கடத்துத்திறன் முக்கியமாகும் இடமும் ஒன்று உண்டு. அது தடிமனான அடுக்கு. கடத்துத்திறன் சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்தில் ஒரு சீமென்ஸ் உள்ள பொருளை எடுத்துக்கொண்டால், 10 நானோமீட்டர் தடிமனில் தடை 1 ஓம், இழப்பு 25 மில்லிவோல்ட், பொறுத்துக்கொள்ளலாம். அதே பொருள் 100 நானோமீட்டர் தடிமனில் இருந்தால் இழப்பு 250 மில்லிவோல்ட், கலம் பயனற்றதாகிவிடும். ஆய்வகத்தில் சுழற்சிப் பூச்சால் 10 நானோமீட்டர் படலத்தைச் சீராக வார்க்கலாம். ஆனால் நகரும் நெகிழிச் சுருளின்மீது ஸ்லாட் டை என்ற குறுகிய பிளவு வாய் மூலம் பூசும்போது, மேடு பள்ளங்களும் தூசியும் உள்ள பரப்பில் 10 நானோமீட்டர் படலத்தை ஓட்டையில்லாமல் வைத்திருப்பது மிகக் கடினம். 50 அல்லது 100 நானோமீட்டர் தடிமனிலும் வேலை செய்யும் அடுக்குதான் அச்சுக்கு உகந்தது. அலுமினியம் மாசூட்டிய துத்தநாக ஆக்ஸைடு இதற்காகவே மதிக்கப்படுகிறது. 2015-இல் வெளியான இன்னொரு வழி மிக நயமானது. துத்தநாக ஆக்ஸைடுக்குள் பெரிலீன் வகைச் சாய மூலக்கூறுகளை மிகச் சிறிய அளவில் பிணைத்துச் சேர்த்தார்கள். சாயம் கண்ணுறு ஒளியை உறிஞ்சி ஆக்ஸைடுக்கு எலக்ட்ரான் வழங்குவதால், வெயிலில் இருக்கும்போது அடுக்கின் கடத்துத்திறன் தானே உயர்கிறது. புற ஊதா ஒளி செய்ய வேண்டியிருந்த வேலையைக் கண்ணுறு ஒளியே செய்துவிடுகிறது. தடிமனையும் தயங்காமல் கூட்ட முடிகிறது.

கார்பன் வகைக் கலவைகளில் எனக்கு ஆர்வமும் தயக்கமும் சேர்ந்தே உண்டு. கோள வடிவத் துகள்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொடர்பாதை அமைக்க, கன அளவில் ஏறத்தாழ 16 விழுக்காடு தேவைப்படும். நீளம் விட்டத்தைப் போல ஆயிரம் மடங்குள்ள நானோகுழாய்களுக்கு 1 விழுக்காட்டுக்கும் மிகக் குறைந்த அளவே போதும். ஒளியை அதிகம் உறிஞ்சாமலே கடத்துபாதை கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் ஒரு மைக்ரோமீட்டர் நீளமுள்ள குழாய் 40 நானோமீட்டர் அடுக்குக்குள் முழுவதும் படுத்தே இருக்க வேண்டும். ஒரே ஒரு கட்டு நிமிர்ந்து நின்றாலும் 100 நானோமீட்டர் ஒளியுறிஞ்சும் அடுக்கைத் துளைத்து எதிர் மின்முனையைத் தொட்டுவிடும். கிராஃபீன் ஆக்ஸைடு இந்த வகையில் பாதுகாப்பானது. தட்டையான தாள்களாகப் படிகிறது, 2010-இலேயே பெடாட்:பிஎஸ்எஸ் இடத்தில் தனியாக வைத்துக் காட்டப்பட்டது. அதன் மின்கடத்தாத் தன்மையால் ஒன்றிரண்டு தாள்களைத் தாண்ட முடியவில்லை. ஆகவே அதைப் பெடாட்:பிஎஸ்எஸ் அல்லது ஆக்ஸைடுத் துகள்களோடு கலப்பது பொருளுள்ள முயற்சியாகிறது.

தங்கம், வெள்ளி நானோதுகள்களைத் துளை கடத்து அடுக்கில் சேர்த்து, அவற்றின் பிளாஸ்மான் ஒத்ததிர்வால் (ஒளியோடு சேர்ந்து உலோக எலக்ட்ரான்கள் அதிர்வதால்) ஒளி உறிஞ்சலைக் கூட்டும் முயற்சிகள் ஒரு காலத்தில் மிகுதியாக வந்தன. அந்த ஒத்ததிர்வின் அண்மைப் புலம் (துகளை ஒட்டிச் செறியும் மின்புலம்) ஏறத்தாழ துகளின் ஆரத்தின் அளவுக்குள்ளேயே தேய்ந்துவிடுகிறது. 20 நானோமீட்டர் துகள் 40 நானோமீட்டர் அடுக்குக்குள் புதைந்திருந்தால், அந்தப் புலத்தின் பெரும்பகுதி ஒளியுறிஞ்சும் படலத்தைத் தொடுவதே இல்லை. சிதறலாவது உதவுமா என்றால், சிதறல் ஆரத்தின் ஆறாம் அடுக்கையும் உறிஞ்சல் மூன்றாம் அடுக்கையும் பின்பற்றுவதால், சிறு துகள்கள் ஒளியைச் சிதறவிடுவதைவிடத் தாமே விழுங்கிக்கொள்கின்றன. அக்கட்டுரைகளில் பதிவான முன்னேற்றங்களில் ஒரு பகுதி, பரப்பு கரடாகித் தொடுபரப்பு கூடியதால் வந்தது என்ற கருத்து வலுவானது. நானும் அதையே ஏற்கிறேன்.

பொருள்களைத் தேர்வது ஒரு பங்கு என்றால், அவற்றை ஒன்றாக வைத்திருக்கும் வேதியியல் மூன்று பங்கு. நானோதுகள்கள் இயல்பாகவே திரள விரும்புகின்றன. அவற்றைப் பிரித்து நிறுத்த ஒட்டவைக்கும் மூலக்கூறுகளான ஈந்தணைவிகள் நீண்ட சங்கிலிகளாக இருந்தால் கூழ்மம் மாதக்கணக்கில் தெளிவாக நிற்கும். ஆனால் அதே சங்கிலிகள் படலத்தில் துகளுக்கும் துகளுக்கும் இடையே சுவராகிவிடும். குட்டையாக இருந்தால் மின்னூட்டம் நகரும், கூழ்மமோ விரைவில் கலங்கிப் படிந்துவிடும். பெடாட்:பிஎஸ்எஸ் கூழ்மத்தோடு துத்தநாக ஆக்ஸைடை நேரடியாகக் கலக்க முடியாது. அமிலத்தில் ஆக்ஸைடு கரைந்துவிடும். அமிலத்தைத் தாங்கும் டங்ஸ்டன், மாலிப்டினம் ஆக்ஸைடுகள் பெடாட் பக்கத்தில் அதிகம் தோன்றுவதற்கு வெளியேற்று ஆற்றலோடு இதுவும் ஒரு காரணம். தலைகீழ் அமைப்பில் துளை அடுக்கு மேலே வருவதால், நீரில் பரப்பிய கூழ்மம் நீரை வெறுக்கும் பாலிமர் படலத்தின்மேல் பரவ மறுத்துத் திவலைகளாகச் சுருங்கிவிடும். ஆல்கஹாலோ பரப்பியங்கு பொருளோ சேர்த்தால் பரவும். அப்போது துகள்களின் நிலைப்பு கெடும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று நகர்கிறது என்பதால், அடிப்படைப் பொருளைத் தேர்ந்தெடுக்க ஆன காலத்தைவிடக் கரைப்பானைப் பொருத்த ஆகும் காலம் அதிகம்.

நீடித்த உழைப்பு என்று வரும்போது கதை இன்னும் கூர்மையாகிறது. ஐடிஐசி, ஒய்6 வகை மூலக்கூறுகளில் நடுப்பகுதியையும் இரு முனைகளையும் இணைக்கும் கார்பன் இரட்டைப் பிணைப்பு அவற்றின் பலவீனமான இடம். துத்தநாக ஆக்ஸைடு புற ஊதா ஒளியில் ஒளிவினையூக்கியாகச் செயல்பட்டு, அந்த இரட்டைப் பிணைப்பை உடைக்கிறது. ஃபுல்லரீன் காலத்தில் பெரிய குறையாகத் தோன்றாத ஆக்ஸைடு பரப்பு, புதிய ஏற்பிகள் வந்ததும் அவற்றின் எதிரியாகிவிட்டது. அமைன் பாலிமரால் பரப்பை மூடிவிடலாம் என்றால், அமைன் தொகுதியும் எலக்ட்ரான் குறைந்த அதே பிணைப்பைத் தாக்கிப் பிளக்கிறது. அதற்கு ஒளிகூடத் தேவையில்லை. இந்த இரட்டைச் சிக்கலுக்கு, பாலிஎத்திலீன்இமைனின் அமைன் தொகுதிகளைத் துத்தநாக அயனிகளோடு பற்றுப் பிணைப்பில் கட்டிவைப்பது என்ற விடை 2020-இல் வந்தது. தனி இணை எலக்ட்ரான்கள் துத்தநாகத்தோடு பங்கிடப்பட்டுவிடுவதால் அமைனின் தாக்கும் தன்மை குறைகிறது. தொடர்ச்சியான ஆக்ஸைடுப் படிகம் உருவாகாததால், வளைக்கும்போது விரிசல் விடும் பழக்கமும் போய்விடுகிறது. இங்கே ஒரு பொருளின் கடத்துத்திறனை மற்றொன்று உயர்த்தியதாக யாரும் பேசவில்லை. இரண்டும் தத்தம் வேதித் தீமையை ஒன்றுக்கொன்று அடக்கிக்கொண்டன. கலவை என்ற கருத்து மிக உயர்ந்த நிலையில் செயல்படுவது இத்தகைய இடத்தில்தான் என்று நான் நம்புகிறேன்.

கடந்த சில ஆண்டுகளில் நானோகலவைகளுக்கு வலுவான போட்டி ஒன்று வந்திருக்கிறது. கார்பசோல் தொகுதியும் பாஸ்போனிக் அமிலத் தொகுதியும் கொண்ட சிறு மூலக்கூறுகள், இண்டியம் டின் ஆக்ஸைடின்மீது தாமாகவே ஒழுங்கமைந்து ஒற்றை மூலக்கூறு தடிமனுள்ள அடுக்காக நிற்கின்றன. வீண் உறிஞ்சல் ஏறக்குறைய இல்லை, அமிலக் கூழ்மம் இல்லை, திறனும் உயர்வாக இருக்கிறது. இதைக் கண்டு கலவை அடுக்குகளின் காலம் முடிந்தது என்று சொல்வோர் உண்டு. வழுவழுப்பான கண்ணாடியின்மீது ஒரு சதுர சென்டிமீட்டருக்கும் குறைந்த கலத்தில் அவர்கள் சொல்வது சரி. பரந்த நெகிழிச் சுருளில், மின்முனையே கரடுமுரடான வெள்ளி நானோகம்பி வலையாக இருக்கும்போது, ஒற்றை மூலக்கூறு அடுக்கு எதையும் சமப்படுத்தவோ மூடவோ முடியாது. அங்கே தடிமனுள்ள ஓர் அடுக்கு தேவை. அதன் துகள் பரப்பை இதே பாஸ்போனிக் அமில மூலக்கூறுகளால் போர்த்துவதே இயல்பான அடுத்த படி என்று எனக்குத் தோன்றுகிறது.

இறுதியாக ஒரு பயன்பாட்டைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது இதுவரை போட்ட கணக்கைத் தலைகீழாக்குகிறது. கரிமக் கலங்கள் அறைக்குள் எரியும் எல்இடி விளக்கின் ஒளியில் உணர்கருவிகளுக்கு மின்சாரம் தரப் பெரிதும் ஏற்றவை. அறை ஒளியில் மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிஆம்பியர் அளவில்தான் இருக்கும். முழு வெயிலில் 250 மில்லிவோல்ட்டை விழுங்கிய 10 ஓம் அடுக்கு, இங்கே 1 மில்லிவோல்ட்டை மட்டுமே விழுங்கும். தொடர் தடை ஒரு பொருட்டே இல்லை. ஆனால் கலத்துக்குள் இணையாக ஓடும் கசிவுப் பாதையின் தடை சதுர சென்டிமீட்டருக்கு 1,000 ஓம் என்று கொள்வோம். 0.6 வோல்ட்டில் அதன் வழியே கசிவது 0.6 மில்லிஆம்பியர். வெயிலில் தரும் 25 மில்லிஆம்பியரில் அது 2.4 விழுக்காடு மட்டுமே. அறை ஒளியில் அது பிறக்கும் மின்னோட்டத்தைப் போல ஆறு மடங்கு, ஆகவே கலம் அந்த மின்னழுத்தத்தை எட்டவே முடியாது. கடத்தும் துகள்களைத் திணித்த அடுக்கு வெயிலில் பாராட்டைப் பெற்று, அறைக்குள் தோற்பதற்கு இதுவே வழி. அறைப் பயன்பாட்டுக்கு வேண்டிய நானோகலவை, தடிமனாகவும் ஓட்டையின்றியும் மிதமாக மட்டுமே கடத்துவதாகவும் பரப்புக் குறைபாடுகள் மூடப்பட்டதாகவும் இருக்க வேண்டும். அதைப் பற்றிய ஆய்வில் இருளில் அளந்த மின்னோட்டத்தை மடக்கை அளவுகோலில் வரைந்து, எதிர்த்திசை மின்னழுத்தத்தில் கசிவு எவ்வளவு என்று காட்டுவதை, வெயிலில் அளந்த திறனுக்கு முன்பாகவே வைக்க வேண்டும்.